உடம்பைக் கவனிக்க ஒரு நோட்டு: வேலூர்ப் பக்கத்திலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: நீரில்லா ஆறு, மரமில்லா மலை, மன்னனில்லாக் கோட்டை. எழுத்தில்லா டைரி என்று நாலாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஜனவரியில் கடைக்காரர் கொடுத்த டைரியின் முதல் பக்கத்தில் "தினமும் நடை, 3 லிட்டர் தண்ணீர், 10 மணிக்குத் தூக்கம்" என்று எழுதுவோம். பொங்கல் முடிந்ததும் அது பால் கணக்குக்குப் போய்விடும். அப்படிப் போகாமல் இருக்க என்ன செய்யலாம், எதை எழுதலாம், எதை விடலாம் என்று கேட்பவர்களுக்கான பதில்கள் இவை. சுகர், பிரஷர் உள்ளவர்கள், ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் எல்லாரையும் பார்த்துக்கொண்டு தன்னை மறந்துவிடுகிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். இதில் வரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளானர்னு தனியா காசு போட்டு வாங்கணுமா? வீட்ல கிடக்கிற டைரி போதாதா?

தேதி அச்சடித்த டைரியில் இரண்டு தொல்லை. பல டைரிகளில் ஞாயிற்றுக்கிழமைக்கு அரைப் பக்கம்தான் இருக்கும், ஆனால் சாப்பாடும் தூக்கமும் தாறுமாறாவது அன்றைக்குத்தான். இரண்டாவது, பத்து நாள் விட்டுப்போனால் பத்து வெற்றுப் பக்கங்கள் உங்களைப் பார்த்து முறைக்கும். அந்தக் குற்ற உணர்ச்சியிலேயே பாதிப் பேர் டைரியை மூடிவிடுகிறார்கள்.

192 பக்க லாங் சைஸ் கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். வாரத்துக்கு இரண்டு பக்கம் என்றால் 52 வாரத்துக்கு 104 பக்கம். மாதத்துக்கு ஒரு பக்கம் என்று 12. மீதி 76 பக்கம் டெஸ்ட் ரிசல்ட், மருந்துப் பட்டியல், மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு. தாள் மெல்லிசாக இருந்தால் ஜெல் பேனா மறுபக்கம் ஊறும். சித்திரை வெயிலில் கை வியர்வை பட்டு எழுத்தும் கலைந்துபோகும். பால்பாயின்ட் பேனாவே நல்லது. அதை நோட்டோடு ஒரு சணல் கயிற்றில் கட்டிவிடுங்கள். பேனா தேட வேண்டிய வீட்டில் நோட்டு நிலைக்காது.

முதல்ல என்னென்ன எழுதணும்? ஒரு இருபது விஷயம் பட்டியல் போட்டு வெச்சிருக்கேன்.

இருபதில் மூன்றை வைத்துக்கொண்டு மீதியை நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு அனுப்புங்கள். ஒரு மாதம் அந்த மூன்றும் ஓடினால் நாலாவதைச் சேர்க்கலாம்.

இடதுபக்கத் தாளில் ஸ்கேல் வைத்து மேலிருந்து கீழாக நாலு கோடு போடுங்கள். முதல் பத்தி தேதி, 2 செ.மீ. அடுத்த மூன்று பத்திகள் நீங்கள் எடுத்த மூன்று விஷயங்களுக்கு, ஒவ்வொன்றும் 2 செ.மீ. மீதி இடம் ஒரு வரி எழுத: "மாமியாருக்கு ஜுரம்", "கரண்ட் இல்லை, தூங்கலை", "கல்யாணச் சாப்பாடு". ஒரு நாளுக்கு நாலு வரி ஒதுக்கினால் ஏழு நாளும் ஒரே பக்கத்தில் அடங்கும். வலதுபக்கம் வாரக் கடைசியில் எழுதுவதற்கு, அதுவரை காலியாக விடுங்கள்.

மூன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி: ஒன்று உடம்பு (நீர் அல்லது நடை), ஒன்று ஓய்வு (தூக்கம்), ஒன்று உங்களுக்கென்றே உள்ள பிரச்சினை (மாத்திரை, கழுத்து வலி, கோபம், எதுவோ அது). "ஆரோக்கியமாக இருத்தல்" என்று ஒரு பத்திக்குத் தலைப்பு வைக்காதீர்கள், அதை அளக்க முடியாது. "இரவு சாப்பாடு 8:30க்கு முன்" என்று வைத்தால் டிக் போடவும் முடியும், பெருக்கல் குறி போடவும் முடியும்.

நைட் ஷிப்ட்டுக்குப் போறவங்க தூக்கத்தை எந்த நாள்ல எழுதறது?

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்வி இது. நோட்டு குழம்புவதும் இந்த இடத்தில்தான். ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்தத் தேதியில் எழுந்தீர்களோ அந்தத் தேதியின் கட்டத்தில் அந்தத் தூக்கத்தை எழுதுங்கள். காலை 8 மணிக்கு வந்து படுத்து மதியம் 2 மணிக்கு எழுந்தால் அது அன்றைய தேதிதான். சாயங்காலம் இன்னொரு ஒன்றரை மணி நேரம் கண்ணயர்ந்தால் அதே கட்டத்தில் கூட்டல் குறி போட்டுச் சேர்த்து எழுதலாம்: 6 + 1½.

"8 மணி நேரம்" என்று முடிவை மட்டும் எழுத வேண்டாம். படுத்த நேரம், எழுந்த நேரம் இரண்டையும் எழுதுங்கள். பெரியவர்களுக்கு 7 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது என்பது பொதுவான அளவு. ஆனால் நோட்டு காட்டுவது மணிக்கணக்கைவிட வேறொன்றை: படுக்கும் நேரம் ஒருநாள் 10, ஒருநாள் 1 என்று எவ்வளவு ஆடுகிறது என்பதை. ஷிப்ட் மாறும் வாரத்தின் முதல் இரண்டு நாள்களில்தான் தலைவலியும் எரிச்சலும் வருகிறதா என்று பார்க்க, வரிசையின் ஓரத்தில் ஷிப்ட்டை ஓர் எழுத்தில் குறித்துவையுங்கள்: கா, ம, இ.

குறட்டை அதிகம், எழுந்ததும் தலைபாரம், பஸ்ஸில் உட்கார்ந்தால் உடனே தூக்கம் என்பவை நோட்டில் திரும்பத் திரும்ப வந்தால், அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம். தூக்கத்தில் மூச்சு தடைபடுவது காரணமாக இருக்கலாம்.

வேலூர் வெயிலுக்கு எவ்வளவு தண்ணி? டம்ளர் கணக்கு தப்பாகுதே?

டம்ளர் கணக்கு தப்புவதற்குக் காரணம் டம்ளர்தான். ஒரு வீட்டு எவர்சில்வர் டம்ளர் 150 மில்லி பிடிக்கும், இன்னொரு வீட்டுடையது 300. ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி உங்கள் டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். எத்தனை டம்ளர் வருகிறதோ அதை நோட்டின் அட்டை உள்பக்கத்தில் எழுதிவிட்டால் வருஷம் முழுக்க அந்தக் கணக்கு செல்லும். இன்னும் சுலபம், காலையிலேயே உங்களுக்கென்று ஒரு லிட்டர் பாட்டிலோ சொம்போ ஒதுக்கி, காலியாகும்போதெல்லாம் ஒரு கோடு போடுவது.

சாதாரண நாளில் 2 முதல் 2½ லிட்டர் என்று தொடங்கலாம். மோர், ரசம், இளநீர் எல்லாம் இதில் சேரும். மே மாதம் கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது, சுற்றிலும் பாறை மலைகள் வேறு. வெளியே நின்று வேலை செய்கிறவர்களுக்கு இந்த அளவு போதாது. லிட்டரைவிட நம்பகமான அளவுகோல் சிறுநீரின் நிறம். வெளிர் மஞ்சள் என்றால் சரி. கஷாய நிறத்துக்குப் போனால் குறைவு. கட்டத்தில் "வெ" அல்லது "க" என்று ஓர் எழுத்து போட்டாலே போதும்.

ஓ.ஆர்.எஸ். (உடம்பில் நீர் வற்றும்போது கரைத்துக் குடிக்கும் உப்பு, சர்க்கரைத் தூள்) பாக்கெட்டில் பலர் செய்யும் தவறு ஒன்று: ஒரு லிட்டருக்கான பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் குடிப்பது. உப்புச் செறிவு ஏறி, தாகமும் வயிற்றுப்போக்கும் கூடும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.

சிறுநீரகப் பிரச்சினை, இதயப் பலவீனம் உள்ள சிலருக்கு மருத்துவர் தண்ணீரைக் கட்டுப்படுத்தியிருப்பார். அவர்களுடைய நோட்டில் இந்தப் பத்தி தலைகீழாக வேலை செய்யும். காலையில் ஒதுக்கிய பாட்டிலுக்கு மேல் போகாமல் இருந்தால்தான் டிக்.

நடைக்கு ஸ்டெப்ஸ் எண்ணணுமா, நிமிஷமா?

நிமிஷம். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் குறைந்தபட்ச அளவு. தினம் 30 நிமிடம், வாரத்தில் 5 நாள். வேகம் போதுமா என்று தெரிய, கூட வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. கோட்டை அகழியைப் பார்த்துக்கொண்டே ஆற அமரப் போகிற நடை மனதுக்கு நல்லது, ஆனால் அதை 150-இல் சேர்க்காதீர்கள். "உலா" என்று தனியாக எழுதலாம். கோடையில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள்.

சாப்பாட்டை எழுதறது பெரிய வேலையா இருக்கே. ரெண்டு நாள்ல விட்டுடறேன்.

ஒவ்வொரு இட்லியையும் எழுதினால் யாரும் விட்டுத்தான் போவார்கள். அதற்குப் பதிலாக ஒரு சமையலறைக் கணக்கு சொல்கிறோம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

உப்பு பாக்கெட்டைப் பிரிக்கிற தேதியை நோட்டில் எழுதுங்கள். தீர்ந்த தேதியையும் எழுதுங்கள். அவ்வளவுதான்.

பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக உப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. நாலு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு 20 கிராம். ஆக 1 கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். 25 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 10 கிராம் போகிறது. இத்தனைக்கும் கடை பஜ்ஜி, மிக்சர், பிஸ்கட், வாங்கிய ஊறுகாய், கருவாடு ஆகியவற்றின் உப்பு இதில் சேரவில்லை. கோடையில் வடாம், மோர்மிளகாய், ஊறுகாய் போடுகிற வீடுகளில் அதற்கு எடுத்த உப்பைக் கைப்பிடிக் கணக்கில்லாமல் தராசில் நிறுத்துத் தனியாகக் குறித்துக் கழிக்க வேண்டும். இல்லாவிட்டால் சித்திரை மாசக் கணக்கு மட்டும் எகிறும், வீட்டில் வீண் சண்டை வரும்.

இந்த முறையின் நன்மை, கல்லுப்பா தூளுப்பா, பெரிய ஸ்பூனா சின்ன ஸ்பூனா என்ற குழப்பமே இல்லை. எடை பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது. குறைப்பதும் மெதுவாக நடக்க வேண்டும்: 25 நாள் வந்த பாக்கெட்டை அடுத்த தடவை 30 நாள் வரவையுங்கள், அதற்கடுத்து 36. நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். ஒரேயடியாகப் பாதியாக்கினால் தட்டில் ஊறுகாய் வந்து உட்காரும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில பிரஷர் மாத்திரைகள் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதற்கு மாறக்கூடாது.

எண்ணெய்க்கும் இதே வழிதான். மாதம் ஆளுக்கு அரை லிட்டர் என்பது பரவலாகச் சொல்லப்படும் உச்ச அளவு. நாலு பேருக்கு 2 லிட்டர். சர்க்கரை பாக்கெட்டுக்கும் தேதி போடலாம்.

தட்டைப் பற்றி ஒரே ஒரு கட்டம் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால்: "மதியத் தட்டில் கால்வாசிக்கு மேல் காய் அல்லது கீரை இருந்ததா?" டிக் அல்லது பெருக்கல். ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டதைக் குற்றப்பத்திரிகைபோல எழுத வேண்டியதில்லை. "பி" என்று போடுங்கள், மாதத்துக்கு எத்தனை "பி" என்று கடைசியில் எண்ணிக்கொள்ளலாம்.

வீட்லயே பி.பி. பாக்குறோம். ஒவ்வொரு தடவையும் வேற நம்பர் வருதே, எதை எழுதறது?

வேறுவேறாக வருவதே இயல்பு, அதனால்தான் எழுதச் சொல்கிறோம். மருத்துவரைப் பார்க்கப் போகுமுன் ஒரு வாரம், காலையும் மாலையும், ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுங்கள். காலையில் மாத்திரைக்கு முன். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதி ஆறு நாளின் 24 எண்களுக்குச் சராசரி போடுங்கள். வீட்டில் எடுக்கும் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். மருத்துவமனை அளவான 140/90-ஐவிட இது சற்றுக் குறைவு.

எண் தப்பாக வர வழக்கமான காரணங்கள்: மாடி ஏறி வந்த உடனே பார்ப்பது (5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும்), காபி குடித்து அரை மணிக்குள் பார்ப்பது, சிறுநீரை அடக்கிக்கொண்டு பார்ப்பது, கால்மேல் கால் போட்டுக்கொள்வது, பட்டையை ரவிக்கை கை மேலேயே சுற்றுவது, பார்க்கும்போது டிவி சீரியலைப் பற்றிப் பேசுவது. கை தொங்கக் கூடாது, பட்டை இதய உயரத்தில் இருக்கும்படி மேஜையில் வைக்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் எண் கூடுதலாகக் காட்டும். மணிக்கட்டு மெஷினைவிட மேற்கை மெஷின் நம்பகமானது.

180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் மரத்தல், பேச்சுக் குழறல் இருந்தால் நோட்டை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

சுகர் ரீடிங்குக்கு ஏதாவது தனி விதி உண்டா?

எண்ணை மட்டும் எழுதினால் பயனில்லை. "வெறும் வயிறு" அல்லது "சாப்பாட்டுக்குப் பின்" என்பது பக்கத்தில் இருக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது, அந்த இரண்டு மணியை முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து எண்ணுங்கள், கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணாதீர்கள். சர்க்கரை நோயுள்ள பெரும்பாலானவர்களுக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டபின் 180-க்குக் கீழே என்று இலக்கு வைப்பார்கள். வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது மாறும்.

மாம்பழம் நறுக்கிய கையோடு விரலைக் குத்தினால் மெஷின் மாம்பழத்தையும் சேர்த்துக் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். ஸ்ட்ரிப் டப்பாவில் எத்தனை டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று அச்சடித்திருப்பார்கள், பெரும்பாலும் அது 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நம்மூர் மே மாத ஷெல்ஃபும் ஸ்கூட்டர் டிக்கியும் அதைச் சாதாரணமாகத் தாண்டும். வீட்டின் குளிர்ந்த மூலையில், மூடி இறுக்கி வையுங்கள்.

70-க்குக் கீழே வந்தால் எழுதுவது அப்புறம். முதலில் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அதன்பின் நோட்டில் நேரம், அதற்கு முந்தைய சாப்பாடு, நடை, மாத்திரை எல்லாம் எழுதுங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

சுகர் உள்ளவங்க கால் பாக்கறதுக்கும் கட்டம் வேணுமா?

கட்டாயம். திருவண்ணாமலை கிரிவலத்துக்கு மாதாமாதம் போகிறவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். 14 கிலோமீட்டர், பலர் வெறுங்காலோடு. நரம்பு உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தாலும் தெரியாது. வெயிலில் காய்ந்த கோயில் கல்தரையும் அப்படித்தான். நோட்டில் பௌர்ணமி தேதிகளை முன்கூட்டியே குறித்து, மறுநாள் காலைக் கட்டத்தில் "பாதம்" என்று எழுதிவையுங்கள். தரையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து அதன்மேல் பாதத்தைக் காட்டினால் குனியாமலே அடிப்பாகம் தெரியும். விரலிடுக்கையும் பாருங்கள். மற்ற நாள்களில் இரவு கால் கழுவும்போது ஒரு டிக் போதும். மருத்துவர் அனுமதித்தால் ஒழிய வெறுங்கால் கிரிவலம் வேண்டாம் என்பது எங்கள் கருத்து, சாமி செருப்பைப் பார்த்துக் கோபிக்க மாட்டார்.

அப்பாவுக்கு எழுத வராது. மாத்திரை போட்டாரா இல்லையான்னே தெரியலை.

கட்டம் கட்டமாக உள்ள மாதக் காலண்டரை அவர் கண்ணுக்கு நேரே மாட்டுங்கள். பக்கத்தில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை இரண்டு: காலைக்குச் சிவப்பு, இரவுக்குப் பச்சை. மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தபின் அன்றைய கட்டத்தில் பொட்டு ஒட்ட வேண்டும். அட்டையிலிருந்து மாத்திரையைப் பிரித்தவுடன் ஒட்டினால், போன் வந்து மாத்திரை மேஜையிலேயே கிடந்துபோகும், காலண்டரோ போட்டதாகச் சொல்லும். ஒருவேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. கட்டத்தை வெறுமையாக விட்டு, என்ன செய்வது என்று மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேளுங்கள்.

மாத்திரை தீரும் தேதியை எண்ணி, அதற்கு 5 நாள் முன்னால் உள்ள கட்டத்தில் வட்டம் போடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்றால், அவர்கள் வரும் தேதிக்கு வேறு நிறப் பொட்டு.

மனசை எப்படி நோட்டுல எழுதறது?

1 முதல் 5 வரை ஓர் எண். 1 என்றால் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை, 5 என்றால் லேசாக இருந்தது. தினமும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். இரவு எழுதினால் சண்டை நடந்த நாள் 1 ஆகும், மறுநாள் காலை எழுதினால் அதே நாள் 3 ஆகும். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சொல் போதும். பக்கம் பக்கமாகக் குறையை எழுதித் தீர்ப்பது சிலருக்கு ஆறுதல், சிலருக்கு அதே புண்ணைக் கீறுவது. எழுதி முடித்தபின் மனம் கனத்தால் விட்டுவிடுங்கள்.

பெரும்பாலான நாள்கள் 1, 2 என்றே இரண்டு வாரம் ஓடினால், அதோடு பிடித்த வேலையிலும் நாட்டம் போய்விட்டிருந்தால், அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலும் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே, அந்த நேரத்திலேயே பேசுங்கள். வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள்.

கூட்டுக் குடும்பம். மாதவிடாய்த் தேதி எழுதினா எல்லார் கண்ணுலயும் படுமே?

சிவப்புப் புள்ளி வைத்தால் யாருக்கும் புரிந்துவிடும். தேதியின் மூலையில் சின்ன முக்கோணம் போடுங்கள். அட்டையில் "பால் கணக்கு" என்று எழுதிவிட்டால், நம்பினால் நம்புங்கள், அந்த நோட்டை வீட்டு ஆண்கள் தொடுவதே இல்லை.

உதிரம் தொடங்கிய நாளே முதல் நாள். அடுத்த முறை தொடங்கும் நாளுக்கு முந்தைய நாள்வரை எண்ணினால் ஒரு சுற்று. 21 முதல் 35 நாள் இயல்பு. முக்கோணத்துக்குள் எத்தனை நாப்கின் மாற்றினீர்கள் என்ற எண்ணை எழுதுங்கள். மணிக்கு ஒன்று நனைவது, 7 நாளுக்கு மேல் போவது, பெரிய கட்டிகளாக வருவது ஆகியவை காட்ட வேண்டியவை. இரும்புச்சத்து மாத்திரை எடுத்தால் அதை டீ, காபியோடு எடுத்தீர்களா என்றும் பாருங்கள், அவை சத்து சேர்வதைத் தடுக்கும். எலுமிச்சைச் சாறு உதவும்.

தினமும் எடை பாக்கலாமா?

வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், காலைக்கடன் முடித்து, சாப்பிடுமுன், பாய் இல்லாத கெட்டித் தரையில். எடையோ சாப்பாடோ எழுதுவதே மனதை அரிக்கிறது என்றால் அந்தப் பத்தியை அடித்துவிடுங்கள். இடுப்புச் சுற்றளவு மாதம் ஒருமுறை போதும்: ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. என்பது நம் நாட்டவருக்கான எல்லை.

நாலு நாள் விட்டுப்போச்சு. ஞாபகம் வெச்சு நிரப்பிடலாமா?

கூடாது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல விடை. நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் ஒரு காகித நாட்குறிப்பைக் கொடுத்தார்கள். நோட்டு திறக்கப்படும் நேரத்தைப் பதிவு செய்யும் ஒளி உணரி அதில் மறைத்து வைக்கப்பட்டிருந்தது, அது அவர்களுக்குத் தெரியாது. எழுதிக் கொடுத்த தாள்களின்படி 90 சதவீதம் உரிய நேரத்தில் எழுதப்பட்டவை. உணரி சொன்னதோ 11 சதவீதம். மீதியெல்லாம் உரிய நேரம் தவறி நிரப்பியவை. நோயாளிகள் பொய்யர்கள் இல்லை, மனித சுபாவம் அது. பள்ளியில் ஹோம்வொர்க் நோட்டை அப்படித்தானே முடித்தோம்?

விட்ட நாள்களுக்குக் குறுக்கே ஒரே சாய்ந்த கோடு போட்டு, இன்றைய தேதியிலிருந்து எழுதுங்கள். அந்தக் கோடும் ஒரு தகவல்தான். ஊருக்குப் போனபோதா, விருந்தாளி வந்தபோதா, மாதக் கடைசியிலா என்று பார்த்தால் எப்போது நீங்கள் உங்களைக் கைவிடுகிறீர்கள் என்று தெரியும்.

21 நாள் செஞ்சா பழக்கம் ஆயிடும்னு சொல்றாங்களே?

ஆவதில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்து 2010-இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு செயல் தன்னிச்சையாக மாற ஆன நாள்கள் 18 முதல் 254 வரை இருந்தன. நடு அளவு 66. ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பும் இல்லை. நம் கணக்கில் ஒரு மண்டலம், 48 நாள், சோதித்துப் பார்க்க நல்ல அளவு. பிடிபடவில்லை என்றால் நேரத்தை மாற்றிப் பாருங்கள். ஏற்கெனவே தவறாத ஒன்றோடு ஒட்டவையுங்கள்: இரவுப் பாலுக்கு உறை ஊற்றியதும் நோட்டு, அல்லது காலைக் காலண்டர் தாளைக் கிழித்ததும் நோட்டு.

எழுதிட்டே இருக்கேன். ஆனா ஒண்ணும் மாறலையே?

திருப்பிப் பார்ப்பதில்லை என்று அர்த்தம். எழுதுவதில் பாதி வேலைதான் முடியும். ஞாயிறு பத்து நிமிடம், அந்தக் காலி வலதுபக்கத்தில், மூன்று வரி: எந்தக் கட்டம் அதிகம் விட்டுப்போனது, அதே நாளில் வேறென்ன நடந்தது, வரும் வாரம் எந்த ஒன்றை மாற்றப்போகிறேன்.

உதாரணத்துக்கு, குடியாத்தத்தில் தறியிலோ ஆம்பூரில் தையல் மெஷினிலோ உட்காருகிறவர் கழுத்து வலியை 0 முதல் 10 வரை எழுதுகிறார். புதன், வியாழன் 7. கடைசி வரியில் அந்த நாள்களில் "ஓ.டி." (கூடுதல் நேர வேலை) என்றிருக்கிறது. அடுத்த வாரம் செய்ய வேண்டியது மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் எழுந்து நிற்பது மட்டும். அதோடு தலையணையையும் மாற்றி, தைலத்தையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒரே ஒரு தடவை ஒத்துப்போனதை வைத்து முடிவுக்கும் வராதீர்கள். கத்தரிக்காய் சாப்பிட்ட அன்று அரித்தது என்றால், இன்னும் நாலு கத்தரிக்காய் நாள்கள் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை அநியாயமாக விலக்கிவைக்க வேண்டாம்.

டாக்டர்கிட்ட நோட்டைக் கொடுத்தா அவர் புரட்டியே பாக்கலை.

முழு நோட்டைப் படிக்க அவருக்கு நேரம் இருக்காது. ஒரே ஒரு பக்கம் தயார் செய்யுங்கள். மேலே, இப்போது எடுக்கும் மாத்திரைகள், மில்லிகிராம் அளவு, வேளை. நடுவில் பி.பி. சராசரி, சுகரின் குறைந்த எண், கூடிய எண். கீழே மூன்று கேள்விகள், முக்கியமானது முதலில். நாட்டு மருந்து, சித்த மருந்து எடுத்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். மருந்தோடு மருந்து மோதுவது அவருக்குத் தெரிய வேண்டும்.

உறவுக்காரருக்குத் துணையா ஆஸ்பத்திரியிலயே ஒரு மாசமா இருக்கேன். எனக்கு நோட்டெல்லாம் எங்க?

வேலூரில் இப்படி இருப்பவர்கள் எப்போதும் உண்டு. சட்டைப்பையில் அடங்கும் ஓர் அட்டை போதும். மூன்று கேள்வி: என் மாத்திரையைப் போட்டேனா, ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிட்டேனா, தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்கினேனா. இரண்டு நாள் மூன்றுக்கும் பெருக்கல் குறி வந்தால், ஊரிலிருந்து ஆள் மாற்றச் சொல்லிக் கூப்பிட வேண்டிய நாள் அது.

மொபைல் ஆப் போதாதா?

போதும், உங்களுக்கு அது ஒத்துவந்தால். நினைவூட்ட போன் நல்லது, பதிய காகிதம் நல்லது. தூக்க நேரம் பதியப் போனைத் திறந்து முக்கால் மணி நேரம் ரீல்ஸ் பார்க்கிறவர்களுக்குக் காகிதமே கதி.

பழைய நோட்டைப் பழைய பேப்பர் கடையில் போடலாமா?

முதலில் புது நோட்டின் முதல் இரண்டு பக்கத்துக்கு இவற்றை மாற்றி எழுதுங்கள்: மருந்து ஒவ்வாமை, அறுவை சிகிச்சைத் தேதிகள், கடைசி மூன்று டெஸ்ட் எண்கள், தடுப்பூசித் தேதிகள், உப்பு பாக்கெட் சராசரி நாள். பழையதை இரண்டு வருஷமாவது பீரோவில் வையுங்கள். அதன்பின் போடுவதானால் எழுதிய பக்கங்களைக் கிழித்து ஊறவைத்துக் கசக்கிவிட்டுப் போடுங்கள். எடைக்குப் போன நோட்டின் தாள் எந்தப் போண்டாக் கடைக்கு வேண்டுமானாலும் போகும். உங்கள் சுகர் ரீடிங் எண்ணெய்க் கறையோடு பக்கத்து வீட்டுக்காரர் கையில் இருப்பதை நீங்கள் விரும்ப மாட்டீர்கள், பேனா மை போண்டாவில் ஏறுவதை அவரும் விரும்ப மாட்டார்.